இரங்காத நெஞ்சின் முன்னால்

பியாங்யாங் நகரின் புறத்தே, புல் முளைத்த ஒரு கல்லறை மேட்டுக்கு முன்னால் ஓர் இளைஞன் நிற்கிறான். அநாதையாக அலைந்த அவனுக்குச் சோறும் எழுத்தும் கொடுத்து ஆளாக்கிய ஆசிரியர் அந்த மண்ணுக்குள் இருக்கிறார். ஊர்ப் பிள்ளைகளுக்குப் புதிய கல்வி தர வேண்டுமென்று சொத்தையெல்லாம் கரைத்தவர் அவர். வேறொருவன் செய்த குற்றத்துக்காகச் சிறைக்குப் போய் அங்கேயே உயிர்விட்டார். அவருடைய மகள் இந்த இளைஞனையே கணவனாக மனத்தில் வரித்துக்கொண்டு ஏழெட்டு ஆண்டுகள் காத்திருந்தாள். இப்போது தேதோங் ஆற்றில் விழுந்து உயிரை மாய்த்துக்கொள்ளப் போவதாகக் கடிதம் எழுதி வைத்துவிட்டு மறைந்துவிட்டாள். அவளைத் தேடிக்கொண்டுதான் இவன் இவ்வளவு தூரம் ரயிலேறி வந்திருக்கிறான்.

அழ வேண்டிய இடம் இது என்று அவனுக்குத் தெரிகிறது. ஆனால் அழுகை வரவில்லை. வழிகாட்டியாக வந்த சிறு பெண்ணின் முகத்தைப் பார்க்கிறான். அந்தக் கண்களில் இருக்கும் உயிர்த்துடிப்பைக் கண்டதும் அவனுக்குப் புன்னகை அரும்புகிறது. மண்ணுக்குள் மட்கிப்போனதை எண்ணி வருந்துவதைவிட, அந்த மண்ணில் பூத்திருப்பதைக் கண்டு மகிழலாமே என்று நினைக்கிறான். அதே நேரத்தில், இப்படி நினைக்கலாமா என்று தன்னையே கேட்டும் கொள்கிறான்.

அவன் பெயர் ஹியொங்சிக். கொரியாவின் முதல் நவீன நாவல் என்று இலக்கிய வரலாறுகள் குறிப்பிடும் 'முஜொங்'கின் நாயகன். தலைப்பைத் தமிழில் 'இரக்கமின்மை' எனலாம். ஜப்பான் கொரியாவைத் தன் ஆட்சிக்குள் இணைத்து ஆறு ஆண்டுகள் கடந்திருந்த வேளையில், 1917 ஜனவரி 1 அன்று 'மேயில் சின்போ' நாளிதழில் தொடங்கி, ஜூன் 14 வரை 126 பகுதிகளாக அது வெளிவந்தது. எழுதிய யி குவாங்சு அப்போது தோக்கியோவில் வசேதா பல்கலைக்கழக மாணவர். தொடர் ஆரம்பித்தபோது அவருக்கு 25 வயது நிறைந்திருக்கவில்லை. அவரும் காலராவுக்குத் தாய் தந்தையரைப் பறிகொடுத்துப் பத்து வயதிலேயே அநாதையானவர்தான்.

ஆன்மிகம் என்று பேசத் தொடங்கினால் நாம் பெரும்பாலும் உருகும் உள்ளத்தைப் பற்றியே பேசுகிறோம். கண்ணீர் பெருக நிற்பவரே நமக்கு உதாரண புருஷர். உருக வேண்டிய நேரத்தில் உருகாமல் கிடக்கும் நெஞ்சை என்ன செய்வது என்பதைப் பற்றிப் பேசுவது அபூர்வம். இழவு வீட்டில் நிற்கும்போது மனம் வேறெங்கோ மேய்வதும், நோயாளியின் படுக்கையருகே உட்கார்ந்தபடியே ஊருக்குத் திரும்பும் வண்டியின் நேரத்தைக் கணக்கிடுவதும் எல்லாருக்கும் நேர்கிறது. வெட்கத்தால் யாரும் வெளியில் சொல்வதில்லை. சொல்லத் துணிந்தவை முஜொங்கும் அதைப் போன்ற சில கொரிய நாவல்களும். கதையின் சுவைக்காக வாசித்துவிட்டு மூடி வைக்க என்னால் முடியவில்லை. ஜபத்தில் உட்காருவதற்கு முன் தன்னைத் தான் ஒரு முறை பார்த்துக்கொள்ள உதவும் புத்தகங்கள் என்றே இவற்றை நினைக்கிறேன்.

முஜொங்குக்கு 230 ஆண்டுகள் முந்திய ஒரு கதையைச் சொன்னால்தான் ஹியொங்சிக்கின் தனிமை புரியும். கிம் மான்ஜுங், 1637-இல் மஞ்சூரியப் படையெடுப்பின்போது தந்தை இறந்த பிறகு பிறந்த பிள்ளை. அரசவையில் உயர்ந்தவர், பிறகு அரசரின் சினத்துக்கு ஆளாகித் தொலைவான ஊருக்கு அனுப்பப்பட்டவர். 1687-ஐ ஒட்டி அந்த ஒதுக்கிடத்தில் இருந்தபடி, தனிமையில் வாடும் தாயின் மனத்தைத் தேற்ற அவர் எழுதியதாகச் சொல்லப்படுவது 'குவுன்மொங்' என்னும் 'ஒன்பது மேகக் கனவு'.

அதில் சொங்ஜின் என்றொரு இளந்துறவி. இந்தியாவிலிருந்து வஜ்ரச்சேதிகா சூத்திரத்தை மட்டும் கையில் ஏந்தி வந்த ஒரு குருவின் தலைமாணாக்கன். ஒரு நாள் குருவின் சார்பாக நாகராஜனின் அரண்மனைக்கு நன்றி சொல்லப் போகிறான். அங்கே உபசாரத்தைத் தட்ட முடியாமல் மது அருந்துகிறான். திரும்பும் வழியில் ஒரு கல்பாலத்தின் மேல் எட்டுத் தேவகன்னியரைச் சந்தித்து இரண்டு வார்த்தை விளையாட்டாகப் பேசிவிட்டு வருகிறான். நடந்தது அவ்வளவுதான். ஆனால் இரவு அறைக்குள் வந்து அமர்ந்தால் தியானம் கூடவில்லை. ஆணாகப் பிறந்தவன் சான்றோர் நூல்களைக் கற்று, அரசனுக்குத் துணைநின்று, போரில் தளபதியாகவும் அவையில் அமைச்சனாகவும் விளங்கி, அழகையும் இசையையும் அனுபவித்து, பின்வரும் தலைமுறைக்குப் பெயரை விட்டுச் செல்ல வேண்டாமா? நமக்கு என்ன இருக்கிறது? ஒரு கிண்ணம் சோறு, ஒரு குடுவை நீர், சில சுவடிகள், நூற்றெட்டு மணிகள். இப்படி ஓடுகிறது மனம். திடுக்கிட்டு அதை இழுத்துப் பிடித்து உட்காருகிறான். அதற்குள் குருவிடமிருந்து அழைப்பு வந்துவிடுகிறது.

பிறகு நடப்பதெல்லாம் கனவு. யாங் சோயு என்ற பெயரில் மறுபிறவி எடுக்கிறான். ஆசைப்பட்ட எல்லாமே கிடைக்கின்றன. எட்டுப் பெண்களும் துணையாகிறார்கள். வெற்றிக்கு மேல் வெற்றி. கடைசியில் ஓர் இலையுதிர்காலத்தில் உயரமான மாடத்தில் அமர்ந்து குழல் ஊதுகிறான். அந்த இசையில் காரணம் தெரியாத சோகம் கலக்கிறது. அப்போது ஒரு முதிய துறவி வந்து கைத்தடியால் தட்ட, மேகம் சூழ்ந்து, மாடமும் மனைவியரும் மறைந்துபோகிறார்கள். மழித்த தலையும் கழுத்தில் மணிமாலையுமாகத் தன் சிறிய அறையில் சொங்ஜின் விழிக்கிறான். ஓடிப்போய்க் குருவின் காலில் விழுந்து, உலக வாழ்வு கனவென்று தெளிந்தேன் என்கிறான். குரு அதையும் ஏற்கவில்லை. கனவு வேறு, உலகம் வேறு என்று இன்னமும் பிரித்துப் பார்க்கிறாயே, நீ எங்கே விழித்தாய் என்கிறார்.

கதை முழுவதிலும் என்னை நிறுத்தும் இடம் இதுதான். தெளிந்தேன் என்ற பெருமிதத்தையும் தட்டிவிட அங்கே ஒருவர் இருக்கிறார். சொங்ஜினின் தவிப்பு எவ்வளவு கடுமையானதாக இருந்தாலும், அதற்கு ஒரு கரை உண்டு. கரையில் ஒருவர் கைத்தடியோடு நிற்கிறார்.

1917-இல் அந்த ஆசனம் காலியாகிவிட்டது. ஹியொங்சிக்கின் ஆசிரியர் மண்ணுக்குள் போய்விட்டார். அவனே இப்போது ஆசிரியன். சியோலில் ஒரு பள்ளியில் ஆங்கிலம் கற்பிக்கிறான். பழைய நூல்களின் அதிகாரம் தளர்ந்துவிட்டது. அவன் பழகும் வீடுகளில் கிறிஸ்தவ ஜெபம் ஒலிக்கிறது, மேசைகளில் மேல்நாட்டுப் புத்தகங்கள் இருக்கின்றன. எது சரி என்று முடிவாகச் சொல்ல ஒருவரும் இல்லை. அவன் மனம் தன்னிடமே கேட்டு, தன்னிடமே பதில் பெற்று, அந்தப் பதிலை நம்பாமல் மறுபடியும் கேட்கிறது.

நாவலின் முதல் காட்சியே இதைக் காட்டிவிடுகிறது. ஜூன் மாத வெயில். பள்ளி முடிந்து, செல்வந்தரான சபை மூப்பர் கிம் என்பவரின் மகள் சொன்ஹியொங்குக்கு ஆங்கிலம் கற்பிக்க முதல்நாள் போகிறான். இளம்பெண் ஒருத்தியின் எதிரே உட்கார்ந்து அவனுக்குப் பழக்கமில்லை. எப்படி வணங்குவது, மேசையின் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாக உட்கார்ந்தால் மூச்சுக்காற்று மேலே படுமோ, முழங்கால்கள் இடிக்குமோ என்றெல்லாம் எண்ணம் ஓடுகிறது. உடனே தன்னைத் தானே கடிந்துகொள்கிறான். அடுத்த நொடியே வாயைப் பொத்தி ஊதித் தன் மூச்சு நாறுகிறதா என்று சோதித்துப் பார்க்கிறான். தூய்மையாக இருக்க வேண்டும் என்பதும் நல்லவிதமாகத் தோன்ற வேண்டும் என்பதும் ஒரே மூச்சில் கலந்திருக்கின்றன. தியானத்தில் நேர்மையாக உட்கார்ந்து பார்த்த எவருக்கும் இந்தக் கலப்பு அந்நியமாக இராது. யி குவாங்சு இதைக் கேலிக்காக எழுதவில்லை என்பதே என் எண்ணம். மனம் இப்படித்தான் நடக்கிறது என்று காட்டியிருக்கிறார்.

அன்று மாலையே ஆசிரியரின் மகள் யொங்சே அவன் தங்கியிருக்கும் அறைக்கு வருகிறாள். சிறையில் வாடிய தந்தையையும் சகோதரர்களையும் மீட்பதற்காகத் தன்னை விற்று, விருந்துகளில் ஆடிப்பாடும் கிசெங்காகி, அதனாலேயே தந்தை பட்டினி கிடந்து இறந்த கதையை அழுதழுது சொல்கிறாள். கேட்டுக்கொண்டிருக்கும் ஹியொங்சிக்கும் அழுகிறான். ஆனால் கண்ணீர் வழியும்போதே உள்ளே வேறொன்று நடக்கிறது. இவள் இன்னும் கற்போடு இருக்கிறாளா? இவளை மணந்தால் இல்லறம் எப்படி இருக்கும்? மதியம் பார்த்த சொன்ஹியொங்கின் முகம் குறுக்கே வருகிறது. இவளை மீட்க ஆயிரம் வொன் வேண்டியிருக்குமே, கையில் ஏது? இரக்கம், சந்தேகம், ஆசை, பணக்கணக்கு எல்லாம் ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு வருகின்றன. அவன் முகத்தில் என்ன தெரிந்ததோ, சொல்ல வந்ததை முடிக்காமலே அவள் எழுந்து போய்விடுகிறாள்.

இந்தக் காட்சியை வாசிக்கும்போதெல்லாம் எனக்கு ஒன்று தோன்றுகிறது. அவன் ஒரு தீய சொல்லும் சொல்லவில்லை. தீய செயலும் செய்யவில்லை. தயங்கினான், அவ்வளவே. ஆனால் அவன் தயங்கிக்கொண்டிருந்த நேரத்தில்தான் இன்னொருத்தியின் வாழ்க்கை முறிந்தது. அடுத்து வரும் நாளில் செல்வாக்குள்ள இரு ஆண்கள் அவளைச் சீரழிக்கிறார்கள்; அதன் பிறகே அவள் ஆற்றைத் தேடிப் போகிறாள். அகப்போராட்டம் என்பதை ஆழ்ந்த உள்ளத்தின் அடையாளமாகப் போற்றும் பழக்கம் நமக்கு உண்டு. போராட்டம் உள்ளே நடக்கிறது. அதன் விலையை வெளியே நிற்பவர் கொடுக்கிறார். இந்த உண்மையை மறைக்காமல் வைத்ததால்தான் முஜொங் நூறாண்டு கடந்தும் வாழ்கிறது என்பேன்.

கல்லறை மேட்டிலிருந்து திரும்பும் ரயிலில் அவனுக்கு ஒரு விழிப்பு நேர்கிறது. சக்கரங்களின் ஓசையும் இருட்டும் நட்சத்திரங்களும் தன் உயிரோடு இணைந்து ஒலிப்பதாக உணர்கிறான். இதுவரை பிறர் சொன்னதையே நினைத்து, பிறர் சரியென்றதையே சரியென்று வாழ்ந்தேன். இப்போதுதான் நான் என்று ஒருவன் இருப்பதை அறிந்தேன் என்று மகிழ்கிறான். அழகான பக்கங்கள் அவை. அந்த மகிழ்ச்சியை நான் சந்தேகிக்கவில்லை. ஆனாலும் ஒரு கேள்வி நிற்கிறது. யொங்சேயின் உடலைக்கூடத் தேடி முடிக்காமல் ஏறிய ரயில் அது. சியோல் திரும்பிய பிறகு அதை நினைத்து அவனே தன்னை நொந்துகொள்கிறான், இரக்கமற்றவன் நான் என்கிறான். நொந்துகொண்ட சில நாளில், மூப்பரின் மகளை மணந்து அமெரிக்காவுக்குப் படிக்கப் போகும் வாய்ப்பு வாசலுக்கு வர, அதை ஏற்றுக்கொள்கிறான். குருவின் கைத்தடி மட்டும் அந்த ரயிலில் இருந்திருந்தால் ஒரு முறை தட்டியிருக்கும். விழித்தேன் என்கிறாயே, எங்கே விழித்தாய் என்று கேட்டிருக்கும்.

யொங்சே சாகவில்லை. பியாங்யாங் போகும் ரயிலில் கண்ணில் விழுந்த கரித்தூளைத் துடைத்துவிட்ட ஒரு மாணவி, பியொங்குக், அவளைத் தன் வீட்டுக்கு அழைத்துப்போகிறாள். உன் வாழ்க்கை உன்னுடையது என்று சொல்லிக்கொடுக்கிறாள். நாவலில் ஒருவரை உண்மையிலேயே விழிக்கச் செய்தவர் யார் என்று கேட்டால், நான் இந்தப் பெண்ணைத்தான் காட்டுவேன். அவள் செய்ததெல்லாம் எதிரில் அழுதுகொண்டிருந்தவளின் கண்ணைத் துடைத்துவிட்டதும், கதையைக் காது கொடுத்துக் கேட்டதும்தான். கேட்டுக்கொண்டிருந்தபோது தன்னைப் பற்றி அவள் கணக்குப் போடவில்லை.

கடைசியில் நால்வரும் ஒரே ரயிலில் தெற்கே போகிறார்கள். இருவர் அமெரிக்காவுக்கு, இருவர் ஜப்பானுக்கு. யொங்சே உயிரோடு அடுத்த பெட்டியில் இருக்கிறாள் என்றறிந்ததும் ஹியொங்சிக் நிலைகுலைகிறான். சொன்ஹியொங்கை உண்மையாகவே நேசிக்கிறேனா என்று தன்னைக் கேட்டு, நேசம் என்றால் என்னவென்றே அறியாத குழந்தை நான் என்ற இடத்துக்கு வந்து சேர்கிறான். நாவல் முழுவதிலும் அவன் சொல்லிக்கொண்ட சொற்களில் இதையே மிக உண்மையானதாக எண்ணுகிறேன். எதையும் நிரூபிக்க முயலாத, எவரையும் மீட்கப் புறப்படாத ஒரு வாக்கியம். அங்கே சற்று நேரம் அவன் அமைதியாக உட்கார்ந்திருக்கலாம்.

வெள்ளம் அவனை உட்காரவிடவில்லை. சம்னாங்ஜின் அருகே மழையால் பாதை உடைந்து ரயில் நிற்கிறது. வீடிழந்தவர்கள் மேட்டில் நனைந்தபடி நிற்கிறார்கள். ஒரு கர்ப்பிணி வலியில் துடிக்கிறாள். பெண்கள் மூவரும் அவள் கைகால்களைப் பிடித்துவிடுகிறார்கள். சொன்ஹியொங்குக்கு யொங்சே மேல் இருந்த பொறாமையும் யொங்சேயின் பழைய வலியும் அந்தச் சேற்றில் எங்கே போயின என்று தெரியவில்லை. பிறகு ரயில் நிலையத்திலேயே ஒரு கச்சேரி நடத்திப் பணம் திரட்டிக் கொடுக்கிறார்கள். இரவு விடுதியில் கூடி உட்கார்ந்து, இந்த மக்களுக்கு அறிவு தர வேண்டும், கல்வி தர வேண்டும், அதற்காகப் படிப்போம் என்று உறுதிகொள்கிறார்கள். உயிரியல் படிக்கப் போவதாக ஹியொங்சிக் சொல்கிறான். அங்கிருந்த எவருக்கும், சொன்னவனுக்கும்கூட, உயிரியல் என்றால் என்னவென்று தெரியாது என்று ஆசிரியர் ஒரு வரி சேர்த்துவிடுகிறார்.

இந்த முடிவைக் கொண்டாடியவர்கள் பலர், குறை சொன்னவர்களும் பலர். நான் பார்ப்பது இரண்டு தனித்தனி நிகழ்வுகளை. சேற்றில் கை பட்ட அந்தக் கொஞ்ச நேரம் ஒன்று. அதைப் பற்றி இரவில் பேசிய பேச்சு மற்றொன்று. முன்னதில் ‘நான்’ இல்லை. பின்னதில் அது திரும்பிவிட்டது. பெரிய வேலையொன்றின் உடுப்பைப் போட்டுக்கொண்டு திரும்பிவிட்டது. யொங்சேயின் முன்னால் பதில் சொல்ல முடியாமல் நின்றவனுக்கு, நாட்டின் முன்னால் பதில் சொல்வது எவ்வளவு எளிதாக வருகிறது!

இதே நோயை இன்னும் கசப்பாக எழுதியவர் யொம் சாங்சொப். 1922-இல் 'கல்லறை' என்ற தலைப்பில் ஓர் இதழில் தொடங்கித் தடைப்பட்ட அவருடைய கதை, 1924-இல் 'மான்செஜொன்' என்ற பெயரில் முழுமையடைந்தது. 1919 மார்ச் 1 விடுதலை முழக்கத்துக்கு முந்திய குளிர்காலத்தில் நடக்கும் கதை. தோக்கியோவில் படிக்கும் இன்ஹ்வாவுக்கு, மனைவி சாகக் கிடக்கிறாள் என்று வீட்டிலிருந்து தந்தி வருகிறது. அவன் முதலில் முடிதிருத்தும் கடைக்குப் போகிறான். பிறகு பழகிய பணிப்பெண் இருக்கும் மதுக்கடைக்குப் போகிறான். சிறுவயதில் பெரியோர் முடித்துவைத்த திருமணம். அந்த மனைவியை அவன் நேசித்ததில்லை. நேசிக்கவில்லை என்பதற்காக வருந்துவதா, வருத்தம் வரவில்லை என்பதற்காக வெட்கப்படுவதா என்று அவனுக்கே விளங்கவில்லை.

கப்பலில் குளிக்கும் அறையில், ஏழைக் கொரியர்களை ஆசை காட்டிக் கூலிகளாகப் பிடித்து வருவதைப் பற்றிச் சில ஜப்பானியர்கள் வெந்நீரில் அமர்ந்தபடி சாவகாசமாகப் பேசிக்கொள்வதைக் கேட்கிறான். கரையிறங்கிய இடமெல்லாம் உளவாளிகளின் பார்வை தொடர்கிறது. இரவில் தேஜொன் நிலையத்தில் ரயில் நிற்கும்போது, கயிற்றால் கட்டப்பட்ட கைதிகளைப் பார்க்கிறான். முதுகில் குழந்தையைச் சுமந்த ஒரு பெண்ணும் அவர்களில் இருக்கிறாள். பெட்டிக்குத் திரும்பியதும் அவன் உள்ளம் கொதித்துக் கத்துகிறது: இது கல்லறை, இங்கே நெளிவதெல்லாம் புழுக்கள், நானும் ஒரு புழு. கொரிய இலக்கியத்தில் மறக்க முடியாத இடங்களில் இது ஒன்று.

நியாயமான கோபம்தான். அடிமைப்பட்ட நாட்டைத் திறந்த கண்ணோடு பார்த்தவனுக்கு வரும் கோபம். ஆனாலும் அந்தக் கொதிப்பு ஓர் ஓரத்தில் அவனுக்கு ஆறுதலும் தந்திருக்க வேண்டும். ஒரு நாடு முழுவதையும் கல்லறை என்று சொல்லிவிட்டால், அதில் ஓர் அறையில் சாகக் கிடக்கும் ஒருத்தியின் படுக்கை சிறிதாகிவிடுகிறது. வீட்டுக்குப் போய்ச் சேர்கிறான். அவள் அவனைப் பார்த்து அழுகிறாள். கைக்குழந்தை ஒன்று இருக்கிறது. சில நாளில் அவள் இறந்துபோகிறாள். அவனுக்கு அழுகை வரவில்லை.

பிறகு ஜப்பானில் இருக்கும் அந்தப் பணிப்பெண்ணுக்கு ஒரு கடிதம் எழுதுகிறான். மனைவியின் சாவு தனக்குப் பெரிய பாடம் தந்தது, தன்னைத் தானே மீட்டுக்கொள்ள வேண்டும் என்று கற்பித்தது என்கிறான். நேர்மையான கடிதம்; பலர் போற்றும் கடிதம். எனக்கோ அதைப் படிக்கும்போது மனம் கனக்கிறது. உயிரோடு இருந்தவரை அவள் அவனுக்கு ஒரு சுமையாக இருந்தாள். இறந்ததும் ஒரு பாடமாகிவிட்டாள். இரண்டுக்கும் நடுவே ஒரு மனுஷியாக அவள் அவன் கண்ணில் பட்ட கணம் கதையில் எங்கே இருக்கிறது என்று தேடித் தேடிப் பார்க்கிறேன். ஆன்மிகத்தில் நாட்டம் உள்ளவர்கள் இங்கே மிகக் கவனமாக இருக்க வேண்டும். பிறர் துன்பத்தைத் தன் முதிர்ச்சிக்கான படியாக மாற்றிக்கொள்ளும் சாமர்த்தியம் நமக்கும் உண்டு. ஒரு மரணத்தைப் பார்த்தவுடன் நிலையாமையைப் பற்றி அழகாகப் பேசத் தெரிந்த நமக்கு, அந்த வீட்டில் அன்று அடுப்பு எரிந்ததா என்று கேட்கத் தோன்றுவதில்லை.

யி குவாங்சுவின் வாழ்க்கையே அவர் எழுதாத நாவலாக அமைந்துவிட்டது. 1919-இல் தோக்கியோவில் கொரிய மாணவர்கள் வெளியிட்ட பிப்ரவரி 8 விடுதலைப் பிரகடனத்தை எழுதியவர் அவர். ஷாங்காயில் கொரியத் தற்காலிக அரசின் செய்தித்தாளை நடத்தியவர். பின்னர் நாடு திரும்பி, 1930-களின் இறுதியில் சிறைக்குப் போய் வந்தபின், ஜப்பானியப் பேரரசுக்கு ஆதரவாக எழுதவும் பேசவும் தொடங்கினார். ஜப்பானியப் பெயரும் சூட்டிக்கொண்டார். விடுதலைக்குப் பின் 1948-இல் தன் வாக்குமூலமாக ஒரு நூல் வெளியிட்டார். தேச மக்களின் நலனுக்காகவே அப்படி நடந்துகொண்டேன் என்பது அவருடைய வாதம். 1950-இல் போர் மூண்டபோது வடக்கே கொண்டுசெல்லப்பட்டார், அங்கேயே இறந்தார்.

அவரைத் தீர்ப்பிடும் உரிமை அவர் நாட்டவருக்கு உண்டு. அவர்கள் தீர்ப்பிட்டும் இருக்கிறார்கள். எனக்குத் தோன்றுவதைச் சொல்கிறேன். 25 வயதில், ஒரு பெண்ணின் கண்ணீருக்கு முன்னால் இரங்காமல் நின்ற நெஞ்சை ஒளிக்காமல் எழுதியவர் அவர். அந்த நெஞ்சுக்கு நாடு, கல்வி என்ற பெரிய சொற்களால் போர்வை போர்த்தியவரும் அவரே. ஐம்பதைக் கடந்தபோது அந்தப் போர்வைதான் அவர் கையில் மிஞ்சியது. பெரிய சொல் பொய்யில்லை. சம்னாங்ஜின் இரவில் அவர்கள் பேசியதை அவர்கள் நம்பித்தான் பேசினார்கள். சின்ன உண்மையின் மேல் வைத்துவிட்டால் பெரிய சொல்லும் மூடியாகிவிடுகிறது.

அதே யி குவாங்சு, எல்லாரும் ஒதுக்கிய காலத்தில், உறவினரான துறவி ஒருவர் இருந்த பொங்சொன்சா மடாலயத்தில் சில காலம் தங்கினார். 1947-இல் 'கனவு' என்ற சிறிய நாவல் வெளிவந்தது. 13-ஆம் நூற்றாண்டில் இர்யொன் என்ற துறவி தொகுத்த 'சம்குக் யூசா'வில் உள்ள ஜோசின் கதையின் மறுவார்ப்பு அது. நவீன நாவலைத் தொடங்கி வைத்தவர், கடைசியில் சொங்ஜின் கதைக்கும் முந்திய ஒரு கனவுக்கதையிடம் போய்ச் சேர்ந்தார். அவருடைய வடிவத்தில் ஜோசினின் ஆசை கொலைப்பழி வரைக்கும் மரண தண்டனை வரைக்கும் இழுத்துச் செல்கிறது. எழுதும்போது எந்த நெஞ்சை முன்னால் வைத்துக்கொண்டு எழுதினார் என்பதை ஊகிக்கலாம். நான் ஊகிக்க விரும்பவில்லை.

மூலக்கதை மிக எளியது. ஜோசின் என்ற துறவி ஓர் அதிகாரியின் மகள்மேல் ஆசைப்பட்டு, நக்சன்சா கோயிலில் அவலோகிதேசுவரர் முன் வேண்டுகிறான். அவளுக்கு வேறிடத்தில் மணமாகிறது. அழுது அப்படியே அயர்ந்து தூங்குகிறான். கனவில் அவளே தேடி வருகிறாள். நாற்பது ஆண்டுகளுக்கு மேல் சேர்ந்து வாழ்கிறார்கள். ஐந்து பிள்ளைகள். வறுமை அவர்களை ஊர் ஊராக அலைக்கழிக்கிறது. மூத்த மகன் பதினைந்து வயதில் பசியால் ஒரு மலைக்கணவாயில் இறக்க, வழியோரமே குழி தோண்டிப் புதைக்கிறார்கள். பிச்சைக்குப் போன சிறுமியை நாய் கடிக்கிறது. இனிச் சேர்ந்திருந்தால் யாரும் பிழைக்க மாட்டோம் என்று மனைவியே சொல்ல, பிள்ளைகளைப் பங்கிட்டுக்கொண்டு பிரியப் புறப்படும் நேரத்தில் விழிப்பு வருகிறது. விளக்கு அணையும் நிலையில் இருக்கிறது. ஒரே இரவில் அவன் தலை நரைத்திருக்கிறது.

வழக்கமான கனவுக்கதை இந்த இடத்தில் முடிந்துவிடும். ஜோசின் கதை முடியவில்லை. கனவில் மகனைப் புதைத்த கணவாய்க்கு அவன் போகிறான். அந்த இடத்தைத் தோண்டுகிறான். உள்ளே கல்லால் ஆன மைத்ரேயர் சிலை கிடைக்கிறது. அதைக் கழுவி அருகிலிருந்த கோயிலில் வைத்துவிட்டு, தன் கைப்பொருளைச் செலவிட்டு ஒரு கோயில் எழுப்பி, எஞ்சிய நாளெல்லாம் நற்காரியங்களில் கழிக்கிறான்.

கனவென்று தெரிந்த பிறகும் அந்தப் பிள்ளையின் குழியைத் தேடிப் போனானே, அதுதான் என்னைக் கலங்க வைக்கிறது. மாயை என்று சொல்லித் தள்ளிவிட்டுத் தன் விடுதலையைப் பார்த்துக்கொண்டிருக்கலாம். அந்தப் பசி அவனுக்குப் பொய்யாகத் தோன்றவில்லை. ஹியொங்சிக் ஆற்றங்கரையில் தேடலை நிறுத்தினான். இன்ஹ்வா தன் பாடத்தை எடுத்துக்கொண்டு கல்லறையை விட்டு வெளியேறினான். ஜோசின் மண்வெட்டியோடு திரும்பி வந்தான். மூவருக்கும் முன்னால் இருந்தது பிறர் துன்பம்தான்.

உள்ளே நடக்கும் போர் ஓய்ந்த பிறகு இரங்கலாம் என்று காத்திருந்தால் காலம் முழுவதும் காத்திருக்க வேண்டியதுதான். ஹியொங்சிக்கின் மனத்தில் சந்தேகமும் ஆசையும் கணக்கும் இருந்தது குற்றமில்லை. எந்த மனத்தில் அவை இல்லை? அவை இருக்கும்போதே எழுந்து அவள் பின்னால் போயிருக்கலாம். இரக்கம் ஊறாத நெஞ்சோடும் ஒருவருக்குத் தண்ணீர் எடுத்துக் கொடுக்க முடியும். கொடுத்த கை நெஞ்சையும் பின்னால் இழுத்துக்கொண்டு வரும். பியொங்குக் அழுதவளின் கண்ணைத் துடைத்தபோது எந்தத் தத்துவத்தையும் தீர்மானித்துவிட்டுத் துடைக்கவில்லை.

இந்த நாவல்கள் கைக்குக் கிடைத்தால் வாசியுங்கள். ஆண்களின் மனக்குரல் பக்கம் பக்கமாக ஓடிக்கொண்டே இருக்கும்; அது நம் குரல் போலவே இருப்பதால் அதிலேயே மூழ்கிவிடத் தோன்றும். மூழ்குங்கள், தவறில்லை. ஆனால் அறையில் இன்னொருவரும் இருக்கிறார் என்பதை நினைவில் வையுங்கள். யொங்சே சொல்ல வந்து முடிக்காமல் போன வாக்கியத்தையும், பெயரில்லாமல் படுத்திருக்கும் இன்ஹ்வாவின் மனைவியையும் விட்டுவிட்டு அடுத்த பக்கத்துக்குப் போய்விடாதீர்கள்.